சமையற்கட்டும் கூடமும்: பெங்களூரின் இரண்டு சிற்றுண்டிக் கடைகள்

பெங்களூருக்குப் போகிறவர் "அங்கே எங்கே சாப்பிடலாம்?" என்று விசாரித்தால், பதில் சொல்பவர் யாராக இருந்தாலும் இரண்டு பெயர்கள் முதலில் வந்துவிடும். ஒன்று, லால்பாக் சாலையில் இருக்கும் மாவள்ளி டிபன் ரூம்ஸ். எல்லோர் வாயிலும் எம்.டி.ஆர். மற்றது, பசவனகுடியில் காந்தி பஜார் கடைத்தெருவில் இருக்கும் வித்யார்த்தி பவன். சொல்பவர் மல்லேஸ்வரத்துக்காரர் என்றால் சி.டி.ஆரின் வெண்ணெய் தோசையையும் வீணா ஸ்டோர்ஸின் இட்லியையும் விடாமல் சேர்ப்பார். பேட்டைப் பாசம், பொறுத்துக்கொள்ளலாம். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் இந்த இரண்டு கடைகள்தான் முன்வரிசையில் இருக்கும்.

இரண்டும் பழைய கடை, இரண்டும் உடுப்பிப் பக்கத்துக்காரர்கள் தொடங்கியது, இரண்டிலும் மசால் தோசை பேர்போனது, இரண்டிலும் கூட்டம் தாங்காது. பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் மனக்குறை உண்டு. எதிலாவது ஒன்றில் சாப்பிட்டால் போதும் என்ற எண்ணம் புதிதாக வருகிறவருக்கு வந்துவிடுகிறது. உண்மையில் இவை இரண்டு வேறு தொழில்கள். எம்.டி.ஆரில் கடை என்பது சமையற்கட்டு. வித்யார்த்தி பவனில் கடை என்பது சாப்பிடும் கூடம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், முன்னது சிங்கப்பூர்வரை போனதற்கும் பின்னது பல பத்தாண்டுகள் காந்தி பஜாரைவிட்டு அசையாமல் இருந்ததற்கும் காரணம் பிடிபடும்.

பூர்விகம் பார்த்தால் இரண்டும் பக்கத்து வீடுகள். எம்.டி.ஆரைத் தொடங்கிய மய்யா சகோதரர்கள் பாரம்பள்ளிக்காரர்கள். வித்யார்த்தி பவனைத் தொடங்கிய வெங்கடரமண உரால் சாலிகிராமத்துக்காரர். இரண்டு ஊர்களும் உடுப்பிக்கு வடக்கே ஒன்றையொன்று ஒட்டிக்கிடப்பவை. அந்தக் கடலோரத்துப் பிராமணக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் சமையல் வேலைக்காகப் பெங்களூர், மெட்ராஸ், பம்பாய் என்று கிளம்பியதன் விளைவுதான் இன்று இந்தியாவெங்கும் காணும் 'உடுப்பி ஹோட்டல்'. மய்யாக்களும் அப்படிச் சமையற்காரர்களாக வந்து, 1924-ல் லால்பாக் கோட்டைச் சாலையில் சின்னதாக ஒரு கடை போட்டார்கள். அப்போது அதன் பெயர் பிராமணர் காபி கிளப். இப்போதிருக்கும் இடத்துக்கு 1960-ல் மாறியபோதுதான் அந்தப் பெயரை விட்டு, பேட்டையின் பெயரைச் சூட்டிக்கொண்டு மாவள்ளி டிபன் ரூம்ஸ் ஆனது.

அந்தப் பழைய பெயர் தமிழ் வாசகர்களுக்கு ஒன்றை நினைவூட்டும். 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற பலகையை எதிர்த்துப் பெரியார் நடத்திய மறியல் நம் பக்கத்து வரலாறு. பெங்களூர்ப் பெயர் மாற்றத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் ஏதுமில்லை, போடவும் மாட்டேன். அந்த ஊரில் இந்தப் பெயர் இன்னும் முற்றாக மறையவில்லை என்பதை மட்டும் குறித்துவைக்கலாம். சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பார் என்றே ஒரு கடை அறுபது ஆண்டுகளாக இட்லி, வடை விற்கிறது. எல்லாச் சாதியாரும் தெருவோரம் நின்று சாப்பிடுகிறார்கள்.

இரண்டு கடைகளையும் இணைக்கும் இன்னொரு முடிச்சு இரண்டாம் உலகப்போர். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. தென்னிந்தியா முழுக்க அரிசித் தட்டுப்பாடு. அரிசியில்லாமல் இட்லிக்கடை என்ன செய்யும்? மாவள்ளிக்காரர்கள் ரவையில் இறங்கினார்கள். ரவா இட்லி அங்கே அந்த நாளில் பிறந்தது என்பது எம்.டி.ஆர். சொல்லிவரும் கதை, மறுத்து வேறு யாரும் உரிமை கொண்டாடியதாகத் தெரியவில்லை. அதே போர்க்காலத்தில், 1943 வாக்கில், வெங்கடரமண உரால் காந்தி பஜாரில் மாணவர்களை நம்பிக் கடை திறந்தார். பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. 1917-ல் அன்னி பெசன்ட் முயற்சியில் தொடங்கிய நேஷனல் கல்லூரியும், பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் அந்தக் கடைக்கு ஆள் அனுப்பின. ஒரு கடை தட்டுப்பாட்டுக்குப் பதிலாகப் புதுப் பண்டம் ஒன்றைக் கண்டுபிடித்தது. மற்றது தனக்கென ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தது. பின்னாளில் இரண்டும் வளர்ந்த விதம் முழுக்க இதிலேயே அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ரவா இட்லியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ரவையை நெய்யில் வறுத்து, கடுகு, பச்சைமிளகாய், இஞ்சி, கொத்தமல்லி சேர்த்து, தயிரில் கலந்து, உப்புவதற்குச் சிறிது சோடா போட்டு ஆவியில் வேகவைப்பது. தட்டில் வரும்போது தலையில் முந்திரிப்பருப்பு பதிந்திருக்கும். பக்கத்தில் உருளைக்கிழங்கு சாகு, பச்சை நிறத்தில் கொத்தமல்லிச் சட்னி, தனிக் கிண்ணத்தில் உருக்கிய நெய். நம்மூர் இட்லியின் பஞ்சுத்தன்மையை இதில் தேடக் கூடாது. பிய்த்தால் மணல்மணலாகப் பிரியும். நெய்யை ஊற்றியதும் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு இட்லிக்கு மேல் போனால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, அரைக்க வேண்டியதில்லை, புளிக்கவைக்க வேண்டியதில்லை என்பது. அரிசி-உளுந்து மாவுக்கு நேற்று ராத்திரியும் வேண்டும், இன்றைய வெயிலும் வேண்டும். குளிர்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி. ரவா இட்லிக்கு இந்தச் சனியன் எதுவும் கிடையாது. தாளித்த ரவையைக் காற்றுப்படாமல் மூடிவைத்தால் நாள்கணக்கில் கெடாது. தயிர் கலந்தால் உடனே இட்லி. அதாவது, பிறக்கும்போதே பொட்டலத்தில் போகத் தயாராக இருந்த பண்டம் அது. பொட்டலம் போடும் வேளை வர முப்பது ஆண்டுகள் ஆயின.

சமையற்கட்டைப் பற்றி மாவள்ளிக்காரர்களுக்கு இருந்த அக்கறை சாதாரணமானதல்ல. சகோதரர்களில் கடையை நெடுங்காலம் நடத்திய யக்ஞநாராயண மய்யா 1951-ல் ஐரோப்பா போய் அங்குள்ள உணவகங்களைப் பார்த்துவந்தார். உடுப்பிப் பக்கத்துச் சமையற்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் கடல் கடந்து ஹோட்டல் பார்க்கப் போனது பெரிய செய்திதான். போனவர் புதுப் பலகாரம் எதையும் கொண்டுவரவில்லை, கொண்டுவந்தது சுத்தம். தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் கொதிநீராவியில் கழுவப்பட வேண்டும் என்றார். சாப்பிட வருகிறவர்களுக்கு உணவுப் பழக்கம் பற்றிச் சிறு புத்தகங்கள் அச்சிட்டுக் கொடுத்தார். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனைத் திருத்தப் பார்க்கும் ஹோட்டல்காரரை இன்று யாராவது பொறுப்பார்களா தெரியவில்லை! வாடிக்கையாளர்கள் சமையற்கட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காரலாம் என்பதும் அந்தக் கடையின் பெருமைகளில் ஒன்றாக இருந்தது. நம்மூரில் சமையற்கட்டுக் கதவில் 'அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்று எழுதிவைப்பதுதானே வழக்கம்.

வித்யார்த்தி பவனில் சமையற்கட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச்செல்லாம் கூடத்தைப் பற்றித்தான். பெரிய கூடமும் இல்லை. நெருக்கமாகப் போட்ட மேசைகள்; அறிமுகமில்லாத நால்வர் ஒரு மேசையில் முழங்கை இடிக்க உட்கார வேண்டும். சுவரில் கன்னட எழுத்தாளர்களின் வரைபடங்கள். பசவனகுடி எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் குடியிருந்த பேட்டை. டி.வி. குண்டப்பா, மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் போன்றோர் இந்தக் கடைக்கு வந்துபோனவர்களாக அடிக்கடி நினைவுகூரப்படுகிறார்கள். மாஸ்தி வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். கன்னடத்தில் எழுதி 1983-ல் ஞானபீடம் பெற்றவர். அந்தப் பேட்டையில் இப்படிப்பட்ட தமிழ் வீடுகள் இன்றும் கணிசம்.

கூடத்தின் நாயகர்கள் எழுத்தாளர்கள் அல்ல, பரிமாறுகிறவர்கள். வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடை. சமையற்கட்டு வாசலிலிருந்து ஒருவர் வருவார். இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேலேவரை, தோசைத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து அடுக்கியிருக்கும். பத்துப் பன்னிரண்டு தட்டுகள் சாதாரணம். மேசைக்கு மேசை நின்று, வலது கையால் ஒவ்வொன்றாக உருவி வைத்துக்கொண்டே போவார். கடைசித் தட்டு இறங்கும்வரை அந்த அடுக்கு ஆடாது. கைப்பேசியில் படம் எடுக்காத புதுமுகம் கிடையாது, அவரும் கண்டுகொள்வதில்லை.

வேடிக்கைக்காகச் செய்வதாகத் தோன்றும். ஆனால் காரணம் அடுப்படிக் கணக்கு. பெரிய தோசைக்கல்லில் ஒரே நேரத்தில் ஒரு வரிசை தோசைகள் வார்க்கப்படுகின்றன. எல்லாம் ஒன்றாக வேகின்றன. ஒன்றாக எடுத்தாக வேண்டும். எடுத்த தோசை ஆறினால் முறுகல் போய்விடும். ஆகவே ஒரு ஈடு முழுவதும் ஒரே நடையில் கூடத்துக்கு வந்தாக வேண்டும். அதனால்தான் நீங்கள் சொல்லிக் கால் மணி நேரம் ஒன்றும் வராது. பிறகு உங்கள் மேசைக்கும் எதிர் மேசைக்கும் பின் மேசைக்கும் ஒரே நிமிடத்தில் தோசை வந்துவிடும். கல்யாணப் பந்திபோல எல்லோரும் சேர்ந்து சாப்பிடத் தொடங்குவோம். தனித்தனியாகச் சொல்லித் தனித்தனியாகச் சாப்பிடும் ஹோட்டலில் இந்த உணர்வு வராது.

இனி தோசைக்குத் தோசை. இரண்டும் மைசூர்ப் பகுதி வழக்கப்படி கனமான, செம்பழுப்பு நிறத் தோசைகள். நம் சென்னை ஹோட்டல் காகித ரோஸ்ட் இரண்டு இடத்திலும் கிடைக்காது. ஆனால் ஒன்றுபோல் மற்றது இல்லை. எம்.டி.ஆர். தோசை மடித்து வரும், கனம் அதிகம், நெய் தாராளம், போதாதென்று கிண்ணத்தில் தனியாகவும் நெய். உருளைக்கிழங்கு மசாலா அடக்கமாக இருக்கும். சாம்பார் உண்டு, அதில் வெல்லத்தின் இனிப்பு தமிழ் நாக்குக்கு முதல் வாயில் இடறும். வித்யார்த்தி பவன் தோசை அளவில் சிறியது. மேல்தோல் மொறுமொறுவென்று உடையும். உள்ளே ஊத்தப்பம்போல மெத்தென்று இருக்கும். இந்த இரண்டும் ஒரே தோசையில் சேர்வதுதான் அதன் வித்தை. தொட்டுக்கொள்ளச் சட்னி மட்டும். சாம்பார் கிடையாது. மதுரைக்காரர் ஒருவரை அழைத்துப்போனால் இந்த இடத்தில் முகம் சுருங்கும். சட்னியோ நீர்க்க இருக்கும், காரமும் மட்டு. வாளியோடு ஒருவர் சுற்றிக்கொண்டே இருப்பார். கேட்கக் கேட்க ஊற்றுவார். இரண்டாம் தோசைக்கு வரும்போது சாம்பார் ஞாபகம் போய்விடும்.

என் நாக்குக்கு, தோசை என்றால் காந்தி பஜார். இதில் எனக்குத் தயக்கமில்லை. மாவள்ளித் தோசை நல்ல பொருட்களால் ஆன நல்ல தோசை. நெய்யின் தரம் வாயில் தெரியும். ஆனால் நெய்யே முன்னால் வந்து நின்றுகொள்கிறது. வித்யார்த்தி பவனில் முன்னால் நிற்பது கல்லின் சூடு.

வேறு பண்டங்களில் காந்தி பஜாருக்குச் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. பூரி சாகு, ரவா வடை, காராபாத், கேசரிபாத், காபி. பட்டியல் சின்னது, அதைப் பெரிதாக்கும் ஆசையும் அவர்களுக்கு இல்லை. எம்.டி.ஆர். பட்டியல் விரிவானது. மதியத்தில் உட்காரவைத்துப் பரிமாறும் முழுச் சாப்பாடு தனிக் கச்சேரி: பிசிபேளாபாத், சாதம், சாம்பார், ரசம், தயிர்சாதம் என்று ஒவ்வொன்றாக வரும், அவசரக்காரர்களுக்கு ஆகாது. காபி வெள்ளி டம்ளரில். பாத்திரத்துக்காகக் காபி ருசிக்கிறது என்று சொல்ல மாட்டேன். எனினும் சிற்றுண்டிக் கடையில் வெள்ளி டம்ளரை மேசையில் நம்பி வைக்கிறார்களே, அந்தத் தைரியம் பிடிக்கும்.

இரண்டு கடைகளின் வழியும் தெளிவாகப் பிரிவது 1970-களில். வித்யார்த்தி பவன் 1970-ல் உரால் குடும்பத்திடமிருந்து ராமகிருஷ்ண அடிகா கைக்கு மாறியது. கை மாறியது கூடத்தில் தெரியவில்லை. அதே தோசை, அதே நடை, அதே கூட்டம். மாவள்ளியில் நடந்ததோ வேறு. அவசரநிலைக் காலத்தில் ஹோட்டல் பண்டங்களுக்கு அரசு விலை கட்டியது. அந்த விலையில் நல்ல நெய்யும் நல்ல அரிசியும் போட்டால் கட்டாது. மற்றவர்கள் அளவையோ தரத்தையோ குறைத்துச் சமாளித்தார்கள். எம்.டி.ஆரில் தரத்தைக் குறைக்காமல் விற்று, அன்றன்றைய நஷ்டத்தை வாசலில் பலகையில் எழுதிப்போட்டார்கள். சில நாளில் அதுவும் முடியாமல் கடையை மூடினார்கள். வேலையாட்களை வெளியே அனுப்ப மனமில்லாமல் பொடிகளையும் மாவுக் கலவைகளையும் பொட்டலம் போட்டு விற்பதில் இறங்கினார்கள். போர்க்காலத்து ரவை அங்கே கைகொடுத்தது. உட்கார்ந்து சாப்பிடும் கடை மீண்டும் திறந்தது 1984-ல்தான். அதற்குள் பொட்டல வியாபாரம் தனி மரமாகிவிட்டது. அதை 2007-ல் நார்வே நாட்டின் ஆர்க்லா நிறுவனம் வாங்கியது. ஹோட்டல் மட்டும் குடும்பத்தோடு நின்றது. மளிகைக்கடையில் நாம் வாங்கும் எம்.டி.ஆர். பாக்கெட்டும் லால்பாக் சாலைக் கடையும் இன்று வேறுவேறு முதலாளிகளுடையவை என்பது பலருக்குத் தெரியாது. பாக்கெட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கடையைத் தீர்ப்புச் சொல்வதும், கடையை நினைத்துப் பாக்கெட்டை வாங்குவதும் இரண்டும் சரியில்லை.

கூடம் மூடிக்கிடந்த ஆண்டுகளிலும் எம்.டி.ஆர். உயிரோடிருந்தது என்றால், அதன் உயிர் சமையற்கட்டில் இருந்ததால்தான். அளவும் பக்குவமும் எழுதிவைத்தால் இன்னொரு ஊரில் இன்னொரு சமையற்கட்டில் அதே ருசியைக் கொண்டுவரலாம். 2013-ல் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு எதிரே கிளை திறந்தபோது அது நிரூபணமானது. லால்பாக் பார்க்காத சிங்கப்பூர்த் தமிழர்கள் ரவா இட்லிக்கு அங்கே ஞாயிறு காலையில் காத்திருக்கிறார்கள். வித்யார்த்தி பவனை அப்படித் தூக்கிக்கொண்டு போவது கடினம். தோசைக்கல்லைக் கொண்டுபோகலாம். எதிரே பூக்கடை, வாசலில் காத்திருப்போர், முழங்கை இடிக்கும் மேசை, முன்கையில் பன்னிரண்டு தட்டு அடுக்கப் பழகிய ஆள் ஆகியவற்றை எதில் போட்டு அனுப்புவது?

இதனால் காந்தி பஜார் உயர்ந்தது, மாவள்ளி தாழ்ந்தது என்று ஆகாது. ஊர்ப்பெருமை பேசுகிறவர்கள் ஒரே இடத்தில் இருக்கும் கடைக்குத்தான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நஷ்டத்தைப் பலகையில் எழுதிப்போட்ட கடை, தன் ருசியைப் பத்து ஊருக்குக் கொடுத்ததில் குறை காண ஒன்றுமில்லை. அதேசமயம், பல பத்தாண்டுகள் கிளை திறக்காததை வளர்ச்சியின்மை என்று கணக்குப் பார்ப்பதும் தப்பு. ஒரு தோசையை மட்டும் நம்பி எண்பது ஆண்டுகள் கூட்டம் குறையாமல் கடை நடத்துவது எளிதா?

குறைகளும் சொல்லிவிட வேண்டும். எம்.டி.ஆரில் காத்திருப்பு அலுப்பூட்டும். பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்னும் கூடுதலாக. வித்யார்த்தி பவனில் இடம் கிடைத்த பிறகுதான் சங்கடம். நிற்பவர்களின் பார்வை நம் தட்டின்மேல் இருக்கும். நிதானமாகக் காபி குடிக்க நினைப்பவருக்கு அது ஒத்துவராது. முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப்போகிறவர்கள் எம்.டி.ஆரையே தேர்ந்தெடுக்கலாம். நண்பர்களோடு போகிறவர்களுக்குக் காந்தி பஜார்.

இரண்டுக்கும் இடையே ஆட்டோவில் சில நிமிடத் தூரம்தான். ஆனாலும் ஒரே காலையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். இரண்டாவது கடைக்கு அது அநியாயம். இரண்டு நாள் இருந்தால், ஒரு காலை ரவா இட்லிக்கும் வெள்ளி டம்ளர் காபிக்கும் மாவள்ளி; மறு காலை வார நாளாகப் பார்த்து, ஏழு மணிக்குள் தோசைக்குக் காந்தி பஜார். ஒரே நாள்தான் என்றால் வித்யார்த்தி பவனுக்குப் போங்கள், எம்.டி.ஆர். ருசியைப் பிறகு வேறு ஊரிலும் பிடித்துக்கொள்ளலாம். கிழமையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: எம்.டி.ஆருக்குத் திங்கட்கிழமை விடுமுறை, வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை.